தகப்பன் தரவேண்டிய பணம்



கையில் நீதிமன்ற உத்தரவு இருக்கும். பிள்ளைச் செலவுக்கு மாதம் 300 வெள்ளி என்று போட்டிருக்கும். இரண்டு மாதம் வரும், பிறகு நின்றுவிடும். "அவர் எங்கே வேலை செய்கிறார் என்றே தெரியவில்லை" என்பார்கள். அதோடு உத்தரவு அலமாரிக்குள் போய்விடும்.

அப்படி விடாதீர்கள். திருமணமான பெண்கள், குழந்தைகள் பராமரிப்புச் சட்டம் 1950-இன் கீழ் பெற்ற உத்தரவை வேண்டுமென்றே மீறினால், பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் கான்ட்ராக்ட் லாரி ஓட்டுகிறவரிடம் எந்த முதலாளி பிடிப்பார்? ஓட்டை அங்கேதான்.

முஸ்லிம் தாய்மார்களுக்கு ஷரியா நீதித்துறை இலாகாவில் குடும்ப ஆதரவுப் பிரிவு இருக்கிறது. உத்தரவை நிறைவேற்ற அது துணை நிற்கிறது. நல்ல காரியம். நமக்கோ, ஒவ்வொரு தடவையும் தாய்தான் நாள் சம்பளத்தை விட்டுக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அதே உதவி எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

விவாகரத்து வழக்கில் பெற்ற உத்தரவு முன்பு 18 வயதோடு நின்றது. 2018 டிசம்பர் முதல் மேற்படிப்பு முடியும்வரை கேட்கலாம்.

வங்கிப் புத்தகம், பிறப்புப் பத்திரம், அவருடைய வேலையிட விலாசம், இவற்றை எடுத்துக்கொண்டு சட்ட உதவி இலாகாவுக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமென்றால் சொல்லுங்கள், எங்களில் ஒருவர் கூட வருகிறோம்.