ஆனந்தத்தின் வாயில்

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆனந்தம் என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. ஆயினும், அச்சொல் இன்று இரசாயன நூல்களிலும் இடம்பெற்றுள்ளமையை நம்மிற் பலர் அறியோம்.

கஞ்சாவில் மயக்கந் தரும் பொருளை மெக்கூலம், கவோனி என்னும் இஸ்ரேலிய அறிஞர் இருவர் 1964இல் பிரித்தறிந்தனர். அது சென்று பொருந்தும் ஏற்பியை 1988இல் அலின் ஹவுலற்றும் வில்லியம் டெவேனும் எலியின் மூளையிற் கண்டனர். பூட்டு உண்டாயின் அதற்குரிய திறப்பும் உடலிலேயே இருத்தல் வேண்டுமன்றோ? 1992இல் டெவேன், மெக்கூலம் முதலியோர் அதனைப் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தனர். வடமொழி ஆனந்தத்தை முதலாகக் கொண்டு ஆனந்தமைட்டு எனப் பெயரும் இட்டனர். கஞ்சாவோ கள்ளத் திறப்பு.

உடல் தன் திறப்பை அளவறிந்து ஆள்கிறது. வேண்டும்போது ஆக்கி, வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறது. மூளையில் டொபமின் சுரக்கும் கலங்களின் கடிவாளத்தை அது சற்றே தளர்த்தும். கஞ்சாவோ நெடுநேரம் தளர்த்திவிடும். பிற போதைகளுக்கும் இவ்வாயில் துணைபோகிறது. இவ்வேற்பி இல்லாத சுண்டெலிகளுக்கு மோர்பினில் நாட்டம் மிகக் குறைந்திருந்ததென 1999இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

அங்ஙனமாயின், பூட்டையே அடைத்துவிட்டால் ஆசை அறுமே எனத் தோன்றும். அவ்வாறு அடைக்கும் றிமோனபான்ற் என்னும் மருந்து, உடற்பருமனைக் குறைத்தற்கென 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. உண்டோரின் நிறை குறைந்தது. ஆனால், சிலரை மனச்சோர்வும் பதகளிப்பும் தற்கொலை எண்ணமும் பற்றின. 2008இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆசை புகும் வாயிலை அடைக்கப் புக, ஆனந்தம் புகும் வாயிலும் அடைபட்டது.

நாடோறும் கஞ்சா புகைப்போரின் மூளைப் புறணியில் இவ்வேற்பிகள் குறைந்துவிடுகின்றன. ஏறக்குறைய நான்கு வாரம் விலகியிருப்பின் அவை மீளுகின்றன என்பது 2012இல் வெளியான ஆய்வின் முடிபு. அந்த நான்கு வாரமே நாம் கருதவேண்டியது. அப்போது உறக்கம் கெடும், உணவு செல்லாது, சினம் மிகும். அதனைக் கண்டு, "இவன் திருந்தான்" என நாம் கைவிடுவோமாயின், மீளும் தறுவாயில் உள்ளவனை மீண்டும் குழியில் தள்ளியவராவோம்.

ஆதலின் அன்பர்களே, அந்நாள்களில் அவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். வீட்டாருக்குப் பொறுமை சொல்வோம். நம் சங்கத்தின் கதவைத் திறந்து வைப்போம்.