ஓட்டக்காரர்களின் மலையூர்

நெடுந்தொலைவு ஓட்டப் பந்தயங்களில் வென்றோரின் பட்டியலை நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதில் புலனாகும். 2004ஆம் ஆண்டு தொடங்கிய மும்பை மாரத்தானையே எடுத்துக்கொள்வோம். நம் மாதுங்காவுக்கும் தாராவிக்கும் அண்மையிலுள்ள மாஹிம் வழியே செல்லும் 42.195 கிலோமீட்டர் ஓட்டம் அது. அதில் முதலிடம் பெற்றவர்களுள் பெரும்பாலோர் கென்யரும் எத்தியோப்பியருமே. இத்தகைய வீரர்கள் உருவாகும் ஊர்களுள் புகழ் மிக்க ஒன்றைப் பற்றி இன்று சிந்திப்போம்.

கென்ய நாட்டின் மேற்குப் பகுதியில், பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில், இட்டென் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 2,400 மீட்டர். நம் உதகமண்டலத்தைவிடச் சற்றே மிகுதி. சோள வயல்களினூடே செல்லும் செம்மண் சாலைகளில், பொழுது புலரும் முன்னரே இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக ஓடுவது அங்கே அன்றாடக் காட்சி.

மலையுயரத்தால் விளையும் நன்மை யாது? அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையிலுள்ளதில் நான்கில் மூன்று பங்கே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைகிறது. அக்குறையை உணர்ந்த சிறுநீரகங்கள் ஒருவகைச் சுரப்பை மிகுதியாக வெளியிடுகின்றன. அதன் தூண்டுதலால் எலும்பு மஜ்ஜை கூடுதலான சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து செல்பவை அச்சிவப்பணுக்களே.

எனினும், உயரம் ஒன்றே வீரரை ஆக்கிவிடுமாயின், உலகின் மலையூர்கள் அனைத்தும் ஒலிம்பிக் பதக்கங்களைக் குவித்திருக்க வேண்டும் அன்றோ? இட்டெனில் மலையுடன் ஒரு பள்ளிக்கூடமும் சேர்ந்தது. அங்குள்ள புனித பாட்ரிக் உயர்நிலைப் பள்ளிக்கு 1976இல் அயர்லாந்திலிருந்து கோம் ஓகானல் என்ற துறவி பூகோள ஆசிரியராக வந்தார். ஓட்டப் பயிற்சி அவர் முறையாகக் கற்ற கலையன்று. மாணவர்கள் ஓடுவதைக் கூர்ந்து நோக்கியே அதனைக் கற்றார். அவருடைய மாணவர் பீட்டர் ரோனோ 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவரிடம் பயின்ற டேவிட் ருடிஷா 2012இல் லண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடிகளில் கடந்து உலகச் சாதனை படைத்தார். முன்னே ஓடியவர் பின்வருவோர்க்கு வழிகாட்டும் வழக்கமும் அங்கே வேரூன்றியது. லோர்னா கிப்லகாட் என்ற வீராங்கனை தாம் ஈட்டிய பொருளைக்கொண்டு, இளம்பெண்கள் தங்கிப் பயில ஒரு நிலையம் நிறுவினார்.

இப்புகழுக்கு மறுபக்கமும் உண்டு. முன்னர்க் கூறிய சுரப்பையே மருந்தாக ஊசி வழியே செலுத்திக்கொண்டு தண்டனை பெற்ற கென்ய வீரர்களும் உளர். வறுமையினின்று மீள ஓட்டம் ஒன்றே வழியென்று நம்பி வருவோர் பலராகவும் வெல்வோர் சிலராகவும் இருக்கும் இடத்தில், குறுக்குவழி கவர்ச்சியாகத் தோன்றுகிறது. வென்றவர்க்கும் காவல் உறுதியில்லை. 2021 செப்டம்பரில், மகளிர் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் உலகச் சாதனை படைத்த ஆக்னஸ் டிரோப், மறுமாதமே இட்டெனில் தம் இல்லத்தில் கொலையுண்டார். அப்போது அவருக்கு வயது 25. உடன் ஓடிய தோழியர் அவர் பெயரால் ஓர் அமைப்பைத் தோற்றுவித்து, வன்கொடுமைக்கு ஆளாகும் பெண்களுக்குத் துணைநிற்கின்றனர்.

நம் நாட்டிலும் மலைகளுக்குக் குறைவில்லை. உதகமண்டலத்தில் நம் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி முகாம்கள் நடந்துள்ளன. மகாராஷ்டிரத்தின் சாதாரா மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த லலிதா பாபர், மும்பை மாரத்தானில் இந்தியப் பெண்களுள் முதலிடம் பெற்றவர். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் 10ஆம் இடம் பெற்றார். இத்தகையோர் தோன்றுவது அரிதாக இருப்பதற்கு மலையின்மை காரணமன்று. ஒரே ஊரில் நெடுங்காலம் தங்கி, பிள்ளைகளின் ஓட்டத்தைப் பொறுமையோடு கவனிக்கும் ஆசிரியரும், அப்பிள்ளைகள் வென்றாலும் தோற்றாலும் அவர்களைக் கைவிடாத சமூகமும் வேண்டும். மலையை இயற்கை தந்துவிட்டது. மற்ற இரண்டையும் நாமே உண்டாக்கல் வேண்டும்.