அடுப்பு எரியட்டும், அம்மாவின் கண் எரிய வேண்டாம்

(பிள்ளை மடுவத்தில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேச வந்தது அடுப்பைப் பற்றி. "இதுல பேச என்ன இருக்கு ஐயா?" என்று சிலர் நினைக்கலாம். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் எழும்பி, ஈர விறகை ஊதி ஊதி ரொட்டி சுடுகிற தாய்மாரைக் கேளுங்கள், சொல்லுவார்கள். லயத்துக் காம்பிராவில் புகை போக வழி கிடையாது. "புகை எங்களுக்குப் பழகிப் போச்சு" என்கிறோம். கண்ணுக்குப் பழகலாம், நெஞ்சுக்குப் பழகாது. 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் உலகத்தில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டும் 2 இலட்சத்துக்கு மேல். அடுப்படியில் அம்மாவின் இடுப்பில் இருக்கிற பிள்ளையும் அதே புகையைத்தான் குடிக்கிறது.

"அப்ப எல்லாரும் கேஸ் வாங்கினால் சரிதானே?" வசதி இருக்கிறவர்கள் வாங்குங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2022ஆம் வருஷத்தை மறக்க வேண்டாம். அந்த ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய். நம்முடைய நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். ஐந்து நாள் பேர் போட்டால் ஒரு சிலிண்டர், அதுவும் கிடைத்தால்தான். ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. அன்றைக்கு நம்மைக் காப்பாற்றியது கவ்வாத்து மிலாறுதான். ஆகவே விறகை இழிவாக நினைக்க வேண்டாம். அதை எரிக்கிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். முந்தி வேறொரு தோட்டத்தில் நான் வேலை செய்தபோது, ஒரு திட்டத்தில் வீட்டுக்கு வீடு புது அடுப்பு கொடுத்தோம். போட்டோவும் எடுத்தோம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரு வீட்டில் அடுப்புக்குள் கோழி அடை கிடக்குது. இன்னொரு வீட்டில் பூச்செடி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கே ஒரு பாட்டி சொன்னாங்க: "ஐயா, அடுப்பு வாய் சின்னது, எங்க மிலாறு கோணல். மலையிலருந்து வந்து இதைத் துண்டு துண்டா வெட்ட எனக்கு ஏது நேரம்? குடுக்க முந்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா?" பிழை அந்தத் தாய்மார் மேல் இல்லை, கேட்காமல் கொடுத்த எங்கள் மேல்தான். அதனால் இந்த முறை பொருள் எதுவும் கொண்டு வரவில்லை. உங்களோடு பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலாவது, காய்ந்த விறகு. பச்சை விறகின் பாரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 20 கிலோ கட்டைத் தலையில் சுமந்து வரும்போது 10 கிலோ தண்ணீரைத்தான் சுமக்கிறோம். அந்தத் தண்ணீர் ஆவியான பிறகுதான் சோறு வேகும். அதுதான் புகையும் கூட. கவ்வாத்து நடக்கப்போகிற மலை எது என்று துரைக்கு முன்கூட்டியே தெரியும். நம்முடைய சங்கம் அந்த விபரத்தைக் கேட்டு, எந்த லயத்துக்கு எந்த மலை என்று பிரித்துக் கொள்ளலாம். இலையும் சின்னக் குச்சியும் மலையிலேயே கிடக்கட்டும், மண்ணுக்கு அது உரம். தடித்த மிலாறை வெட்டி, லயத்துக்கு ஒரு தகரக் கொட்டில் போட்டு, காற்றோட்டமாக அடுக்கி, சில மாதம் காய விடுவோம். அடுப்புக்கு மேல் பரண் கட்டி விறகு காய வைப்பது ஆபத்து. லயத்தில் தீப்பிடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது, வரிசையே போகும்.

இரண்டாவது, அடுப்பு. 1980களில் நம் நாட்டிலேயே உருவான 'அனகி' என்ற மண் அடுப்பு இருக்கிறது. விறகு வைக்கிற வாய் ஒன்று, சட்டி வைக்க இடம் இரண்டு. முன் அடுப்பில் ரொட்டியோ சோறோ ஆகும்போது, மிஞ்சுகிற தணல் பின் அடுப்பில் பிள்ளை குளிக்கத் தண்ணீரைச் சுட வைக்கும். மூன்று கல் அடுப்பை விட விறகு குறைவாகச் செலவாகும். வெறும் மண் அடுப்பாக வைக்காமல், சுற்றிலும் களிமண் பூசினால்தான் சூடு நிற்கும், உடையாது. உங்கள் சட்டிக்கும் மிலாறுக்கும் பொருந்துமா என்று ஒரு வீட்டில் வைத்துப் பார்த்த பிறகே மற்ற வீட்டுக்கு வாங்குவோம். புகைபோக்கி வைக்கிறவர்கள் வெறும் தகரக் குழாயைக் கூரைச் சட்டத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். புது வீடு கட்டுகிறவர்கள் சமையலறைக்குப் புகைபோக்கி வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

இன்னொன்று. குளிருக்கு நெருப்புச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். தணலிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

மூன்றாவது, மாடு வளர்க்கிறவர்களுக்கு. ஒரு மாடு பட்டியில் நின்றால் நாளுக்குப் பத்துக் கிலோ அளவில் சாணி போடும். 25 கிலோ சாணியை அதே அளவு தண்ணீரில் கரைத்து மூடிய குழியில் விட்டால் சுமார் ஒரு கன மீற்றர் உயிர்வாயு கிடைக்கும். ஒரு அடுப்பு இரண்டு மணித்தியாலம் எரியும், புகை கிடையாது. வெளியே வருகிற கரைசல் மரக்கறித் தோட்டத்துக்கு உரம். 2021இல் உரம் இல்லாமல் பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் இரண்டு மூன்று மாட்டுக்குக் குறைந்தால் சரிவராது. குளிர் கூடிய மேல் தோட்டங்களில் வாயு குறைவாகத்தான் வரும். தினமும் கரைத்து ஊற்ற ஆள் வேண்டும். நாலு மாதம் கழித்துக் கைவிடுவதென்றால் குழியே வெட்ட வேண்டாம்.

"விறகுலருந்து கரண்ட் எடுக்கலாமா ஐயா?" என்று ஒரு தம்பி கேட்டார். எடுக்கலாம். ஆனால் அதற்குப் பெரிய இயந்திரம், நாள் முழுக்கக் காய்ந்த விறகு, பழுது பார்க்க ஆள் எல்லாம் வேண்டும். ஃபெக்டரிக்குப் பொருந்தலாம், காம்பிராவுக்கு இல்லை. நமக்கு முதலில் வேண்டியது புகையில்லாத சூடு.

கடைசியாக ஆம்பிளைகளுக்கு ஒரு வார்த்தை. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவளே விறகும் சுமந்து, அதை வெட்டி, ஊதி எரிக்கணுமா? ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் கத்தியை எடுங்கள். ஒரு கிழமை விறகு தயார்.

அடுத்த கூட்டத்துக்கு லயத்துக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் சமைக்கிறவராக, பேர் கொடுங்கள். அவர்களுடைய அடுப்படியில் உட்கார்ந்துதான் மீதியைப் பேசுவோம். இந்த முறை நான் முதலில் கேட்கிறேன்.