செடி தூங்குகிற நேரம்



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘இயற்கையே இறைவன்’. படித்தவர்கள் இதைப் பேசத் தொடங்கினால் ஸ்பினோசாவில் தொடங்குவார்கள். 1632இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். 23 வயதிலேயே அந்த ஊர் யூதச் சபை அவரை ஒதுக்கி வைத்தது. கண்ணாடி வில்லை தேய்த்து வயிறு கழுவிக்கொண்டே, கடவுள் வேறு, இயற்கை வேறு இல்லை என்று எழுதினார். பெரிய மனுஷர். நான் என் ஆயாவில் தொடங்குகிறேன். பொழுது சாய்ந்தபிறகு ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கப் போனால் திண்ணையிலிருந்தே குரல் வரும்: “விளக்கு வச்சாச்சு, செடி தூங்குது. கைய எடுடா!” ரசம் அன்றைக்குக் கறிவேப்பிலை இல்லாமல்தான் கொதிக்கும்.

இது ஏதோ கிழவியின் பழக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். நம் மண்ணே அப்படிப்பட்டது. இந்த மங்கலம்பேட்டையிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் விருத்தாசலம். அந்தப் பெயருக்குப் பொருளே பழமலை, மலைதான் அங்கே சாமி. அந்த ஊர்க் கோயிலைக் கட்டியபோது கூலிக்கு வன்னி இலையைக் கொடுத்தார்களாம், அவனவன் உழைத்த அளவுக்கு அது காசாக மாறியதாம். கதைதான். ஆனால் மரம் கூலிக்கணக்கு எழுதியதாக நம்புகிற ஊரில், மரத்தை வெட்ட வருகிறவனுக்குக் கொஞ்சமாவது கை நடுங்கும்.

சிதம்பரம் கோயிலில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். திரையை விலக்கினால் உள்ளே பொன் வில்வ மாலை தொங்கும். அதற்குப் பின்னால் வெறும் வெளி. ஆகாயத்தைக் கும்பிடு என்கிறார்கள். அந்த ஊருக்குத் தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணையே கெடுத்துவிடும். சாமி மரம் என்றால் சாதுவாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோது, அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் அடி குறைவாகத்தான் விழுந்தது.

ஆனாலும் நண்பர்களே, எல்லாம் இறைவன் என்று சொல்வது சுலபம். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். அப்படிப் போக முடியாத ஒருவர் நம் மாவட்டத்தில் பிறந்தார். 1823, மருதூர். வள்ளலார். பயிர் வாடுவதைப் பார்த்துத் தானும் வாடியவர். வடலூரில் ஒளியைக் கும்பிடச் சத்திய ஞான சபையை எழுப்பியது 1872இல். அதற்கு ஐந்து ஆண்டு முன்னாலேயே, 1867இல், தருமசாலையில் அடுப்பு மூட்டிவிட்டார். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சோறு, பிறகு ஜோதி. அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. ஸ்பினோசாவிடம் இல்லாதது இந்த அடுப்புதான் என்பது என் எண்ணம். சண்டைக்கு வருகிறவர்கள் கூட்டம் முடிந்து வாருங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறேன். 2023 ஜூலை. சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவி. நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கின, வளர்ந்து நின்ற நெல்லின் மேல். நிலத்தை எப்போதோ எடுத்தாகிவிட்டது என்றது சுரங்க நிறுவனம். காகிதப்படி சரியாகவே இருக்கலாம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. நீதிபதி எம். தண்டபாணி, அறுப்பு வரைக்கும் இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார், வள்ளலாரையும் நினைவுபடுத்தினார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று முடிவானது.

சுரங்கமே வேண்டாம் என்று நான் வீரம் பேசவில்லை. இந்த மைக்கில் ஓடுகிற கரண்டில் நெய்வேலியும் கலந்திருக்கும். அங்கே தோண்டுகிற பழுப்பு நிலக்கரியும் என்றைக்கோ நின்ற காடுதான். செத்த காட்டை எரித்துத்தான் நாம் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நான் கேட்பது சின்ன விஷயம். நிலம் யாருடையது என்று பட்டா சொல்லும். அதில் நிற்கிற நெல்லுக்கு இன்னும் இரண்டு மாதம் உயிர் இருக்கிறது என்பதைச் சொல்ல, இயந்திரத்தை இறக்க முடிவெடுத்த மேசையில் யார் இருந்தார்கள்? என் ஆயாவை உட்கார வைத்திருந்தால் சொல்லியிருப்பார்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் மணிக்கட்டைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று. சற்று முன் இந்த மேடையில் எனக்கு மாலை போட வந்தார்கள். “பூ எப்போ பறிச்சீங்க தம்பி?” என்று கேட்டேன். பையன் மிரண்டுபோய், “காலையிலதாங்க ஐயா” என்றான். அதற்கப்புறம்தான் கழுத்தை நீட்டினேன்.