பூணூலுக்குத் திறந்த வாசல்

(நங்கநல்லூரில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்த நங்கநல்லூரில் ஒரு பக்கம் 32 அடி ஆஞ்சநேயர், இன்னொரு பக்கம் தோமாவின் பரங்கிமலை. நடுவில் நிற்கிற கிறிஸ்தவத் தலித், தன் முன்னோர் கும்பிட்ட எல்லையம்மனை என்ன செய்வது? 'சாத்தானை விட்டொழி' என்கிறது சபை. 'அப்படின்னா தாய்மதம் திரும்பு' என்கிறது இந்துத்துவம். ரெண்டு பேருமே நம்மைக் கேட்காமல் நமக்காகப் பதில் சொல்றாங்க.

எங்க பாட்டி ஞாயித்துக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர். ஆடியில் சேரியில் கூழ் ஊத்தும்போதும் முன்னால் நின்றவர். போதகர் கண்டிச்சப்ப கேட்டாங்க: "அவ ஊரைக் காக்குறவ. இவரு பாவத்தைச் சுமந்தவரு. ரெண்டு பேருக்கும் எங்கய்யா சண்டை நடந்துச்சு?"

எங்கே நடந்தது என்று பார்ப்போம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டினார், பூணூல் போட்டார். மதம் மாறிய பார்ப்பனர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். சீர்திருத்தச் சபையில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இசையில் கீர்த்தனைகள் எழுதினார். சபைக்குள் சாதி வழக்கம் நீடிக்க வாதாடியவரும் அவரே. ஆக, பூணூல் வரலாம், ராகம் வரலாம். பறை வந்தா மட்டும் பேய் வந்துடும்! சண்டை இயேசுவுக்கும் எல்லையம்மனுக்கும் நடக்கவில்லை. சபைக்குள் குந்தியிருக்கிற சாதிக்கும் சேரிக்கும் நடந்தது.

எல்லையம்மன் யார்? ரேணுகை கதையை நம்ம பக்கம் சொல்கிறபடி, மகன் தாயை வெட்டினான். அவளுக்கு அடைக்கலம் கொடுத்த பறைச்சியையும் வெட்டினான். உயிர்ப்பிக்கும்போது தலைகள் மாறிப் பொருந்தின. பறைச்சியின் தலையோடு எழுந்தவள் எல்லையம்மன். அடைக்கலம் கொடுத்ததற்காக வெட்டுப்பட்டு உயிர்த்தவள். சிலுவையைப் புரிந்துகொள்ள இதைவிடக் கிட்டத்தில் நமக்கு வேறென்ன கதை வேணும்? சத்தியநாதன் கிளார்க் 1998இல் வந்த தன் நூலில் எல்லையம்மனையும் பறையையும் வைத்தே இறையியல் பேசினார்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய 'பறட்டை' தியாபிலஸ் அப்பாவு (2005இல் மறைந்தார்) இதை ஆராதனையாகவே ஆக்கினார். கிராமிய இசையில் வழிபாட்டு முறை அமைத்தார். திருவிருந்தை 'ஒரு ஒல' என்றார்: ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பது. சேர்ந்து தின்ன மறுப்பதுதானே சாதி?

அரசும் நம்மைப் பங்கு போடுகிறது. 1950 ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்து மதத்தோடு கட்டியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். நமக்குக் கதவு சாத்தியே இருக்கு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் ஞானஸ்நானம் பெற்றதையும் கோயிலுக்குப் போவதையும் காட்டியே உச்ச நீதிமன்றம் சான்றிதழை மறுத்தது. அதற்காக எல்லையம்மனை இந்துத்துவத்திடம் ஒப்படைக்க முடியுமா? முன்னோரைத் தேடிப் போகிறவன் இந்துவாகத்தான் ஆகணும் என்றில்லை. 1898இல் இதே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசர் அதைக் காட்டிவிட்டார்.

தோழர்களே, நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆராதனைக்குள் பறை அடிக்க வேண்டும். எல்லையம்மன் கதையை ஞாயிறு பள்ளியில் நம் முன்னோர் வரலாறாகச் சொல்ல வேண்டும். சாதிக்கொரு கல்லறை ஒழிய வேண்டும். மறுக்கிற சபை, எந்தச் சாமிக்காக மறுக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லட்டும்.