கடன் தீர்ந்த பின்னரும் திறவாத கை



கத்தாரிலும் சவூதியிலும் பல்லாண்டுகள் உழைத்து, கடனை அடைத்து, குமர்களைக் கரைசேர்த்து ஊர் திரும்பிய தந்தையர் நம்மிடையே பலர். கடை வாடகை வருகிறது. வயல் வருமானமும் உண்டு. ஆயினும் சிலரது கை இன்னும் திறப்பதில்லை. மனைவி முழங்கால் வலியோடு கிணற்றடியில் துணி துவைக்கிறாள். சலவை இயந்திரம் வீண்செலவாம்!

கந்தலாடையுடன் வந்த ஒருவரிடம், செல்வம் உண்டா என நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒட்டகம், ஆடு, குதிரை யாவும் உண்டென்றார் அவர். அவ்வாறாயின் அல்லாஹ்வின் அருட்கொடை அவரில் தென்பட வேண்டுமென நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது.

இளைஞர்களே, இதைக் கேட்டதும் புதிய மோட்டார் சைக்கிளுக்காகத் தந்தையிடம் ஓடிவிடாதீர்கள்! ஸூரத்துல் புர்கானின் 67ஆம் வசனம் கஞ்சத்தனத்தோடு வீண்விரயத்தையும் சேர்த்தே விலக்குகிறது. நன்றாக இயங்கும் கையடக்கத் தொலைபேசியை எவர் பார்ப்பதற்காக மாற்றுகிறீர்கள்?

தந்தையர்களே, மனைவிக்கு ஊட்டும் கவளத்துக்கும் நற்கூலி உண்டென ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் கூறியதைப் புகாரியில் காண்கிறோம். நூற்றுக்கு 2.5 வீத ஸகாத்தைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். பின்னர், இம்மாதமே அந்த இயந்திரத்தை வாங்கி வையுங்கள்.