செனட்டரின் மனைவி நீதிபதியானால்...



நீதிபதியின் கணவர் அரசியல்வாதி என்று தெரிந்தால் போதும், "அந்தக் கோர்ட்டில் நமக்கு எங்கே நியாயம் கிடைக்கப் போகிறது?" என்று பேச ஆரம்பித்து விடுகிறோம். அமெரிக்காவின் ஜேன் ராத் அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

1935-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். இளவயதில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஊழியராக ஈரானிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்தார். 1965-ல் ஹார்வர்டில் சட்டப் பட்டம். அதே ஆண்டில் வில்லியம் ராத்துடன் திருமணம். கணவர் 1971 முதல் 2001 வரை டெலவேர் மாநிலத்தின் செனட்டர், குடியரசுக் கட்சிக்காரர். வரிக்குறைப்புக்குப் பேர் போனவர். நம் கடைவீதியில் நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்!

அங்கே ஜனாதிபதி நியமிக்கும் நீதிபதிக்கு செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். அம்மையாரை 1985-ல் மாவட்ட நீதிபதியாக்கியவர் ரீகன். 1991-ல் அப்பீல் கோர்ட்டுக்கு உயர்த்தியவர் மூத்த புஷ். இருவரும் கணவரின் கட்சி. ஒப்புதல் தந்ததோ கணவர் உட்கார்ந்திருந்த சபை! சந்தேகப்பட இதைவிட என்ன வேண்டும்?

2001 செப்டம்பருக்குப் பிறகு நியூயார்க் போலீஸ், பக்கத்து நியூஜெர்சிக்குள்ளும் நுழைந்து முஸ்லிம்களை வேவு பார்த்தது. குறைந்தது 20 பள்ளிவாசல்கள், 14 உணவகங்கள், 11 கடைகள், இரண்டு பள்ளிக்கூடங்கள், இரண்டு மாணவர் சங்கங்கள் என்று மனுவில் கணக்கு இருக்கிறது. 2012-ல் வழக்குப் போட்டவர்களில் ராணுவ ரிசர்வ் வீரர் ஒருவரும் உண்டு, இறைச்சி வியாபாரிகளும் உண்டு. கீழ்க்கோர்ட் 2014-ல் தள்ளுபடி செய்தது. வேவு பார்த்ததால் அல்ல, அதைப் பத்திரிகைக்காரர்கள் வெளியிட்டதால்தான் தீங்கு என்று சொன்னது. என்ன விசித்திரமான நியாயம்!

2015 அக்டோபர் 13-ல் அப்பீல் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். அன்று ஜப்பானிய வம்சாவளியினருக்கு இழைத்த அநீதியைத் தீர்ப்பு நினைவூட்டியது. மூவரில் ஒருவர் ஜேன் ராத், வயது 80. தனியாகவும் சில வரிகள் எழுதினார். மதப் பாகுபாட்டைக் கோர்ட் எவ்வளவு கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்பதை மற்ற இருவரும் முடிவு செய்யாமல் விட்டார்கள். இவரோ, பெண்ணாகப் பிறந்ததால் தாமும் பாகுபாட்டை அனுபவித்திருப்பதாகச் சொல்லி, பெண்களுக்குச் சட்டம் தரும் நடுத்தரச் சோதனையே இதற்கும் பொருந்தும், அதைவிடக் கடுமையானதைத் தம்மால் ஏற்க முடியாது என்றார்.

இந்த வாதம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. கடுமையான சோதனையே வேண்டும் என்பேன். ஆனால் அந்த வரிகளில் கட்சி எங்கே இருக்கிறது? 2003-ல் காலமான கணவர் எங்கே இருக்கிறார்?

2018-ல் நியூயார்க் நகரம் சமரசத்துக்கு வந்தது. சுமார் 75,000 டாலர் நஷ்டஈடு. வழக்கறிஞர் கட்டணம் தனி. சந்தேகத்துக்கு இடமின்றி, மதத்தையோ இனத்தையோ வைத்து வேவு பார்க்க மாட்டோம் என்றும் எழுதிக் கொடுத்தது.